மாத்திரை அட்டையும் கைப்பேசியும்

நேயர்களுக்கு வணக்கம். கையில் இருக்கும் பொருளைப் பற்றிய தகவலைக் கைப்பேசியில் பார்க்க இன்று பல வழிகள் உண்டு. கியூஆர் கோடு, கைப்பேசியை அருகில் கொண்டுபோனால் தகவல் தரும் என்எஃப்சி சில்லு, புளூடூத் என்று போகும் இந்தப் பட்டியலில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தப் பொருள், யார் கையில் என்பதைப் பார்க்க வேண்டும். அதனால் இன்று மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடோ பார்கோடோ இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் அதில் கிடைக்க வேண்டும்.

கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் பிறந்தது. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியது. மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்களால் எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கைப்பேசி படித்துவிடும். சிதைவைச் சரிசெய்யும் திறனை உச்ச நிலையில் வைத்து அச்சிட்டால், ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் தகவலை மீட்கலாம். காப்புரிமை இருந்தும் அந்த நிறுவனம் அதை வைத்துப் பிறரைத் தடுக்கவில்லை. இந்தப் பெருந்தன்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அச்சு அச்சுதான். போலி மருந்துக்காரன் பெட்டியை நகலெடுக்கும்போது கியூஆர் கோடும் சேர்ந்தே நகலாகும். ஸ்கேன் செய்தால் விவரம் வருகிறது என்பதாலேயே மருந்து அசல் என்று நம்பிவிடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 பிப்ரவரி முதல் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. மருத்துவர் சீட்டுக்குத் தரும் பெரும்பாலான மருந்துகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. மருந்தைக் கொடுக்கும்போது கடைக்காரர் ஸ்கேன் செய்கிறார். அந்த எண் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வந்தால் எச்சரிக்கை எழும். அங்கேயும் அச்சிட்ட புள்ளிக் குறியீடுதான், ஆனால் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. நமக்கு வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

என்எஃப்சி வேறு வகை. இந்தச் சில்லுக்கு பேட்டரி வேண்டாம். கைப்பேசியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோனால், 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் புதிய ரகசிய விடை தரும் சில்லுகளும் உண்டு. அவற்றைப் போலி செய்வது மிகக் கடினம். சரி, மாத்திரை அட்டையில் ஒட்டிவிடலாமே என்றால், அட்டையின் அலுமினியத் தாளே அலையைத் தடுக்கும். அதற்கான சிறப்புச் சில்லின் விலையை மலிவான மாத்திரை தாங்காது. எல்லாக் கைப்பேசியிலும் என்எஃப்சி இருப்பதும் இல்லை. விலையுயர்ந்த ஊசிமருந்துப் பெட்டிக்கு இது ஏற்றது.

புளூடூத் கருவிக்குப் பொதுவாக பேட்டரி தேவை, அதனால் அது இங்கே ஒத்துவராது. கேமராவில் மாத்திரையைக் காட்டி என்ன மருந்து என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வட்டமான வெள்ளை மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன.

பார்வையற்றவர்களின் நிலையையும் யோசிக்க வேண்டும். கியூஆர் கோடு பெட்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் எப்படி கேமராவைக் காட்டுவது? ஸ்பெயினில் உருவான நேவிலென்ஸ் என்ற வண்ணக் குறியீட்டைத் தூரத்திலிருந்தே கைப்பேசி கண்டுபிடித்து, தகவலை வாசித்துக் காட்டும். ஐரோப்பாவில் கெல்லாக்ஸ் பிராண்டின் உணவுப் பெட்டிகளில் அதை அச்சிடுகிறார்கள். காலை உணவுக்குக் கிடைத்த வசதி மருந்துக்கும் கிடைக்க வேண்டாமா?

அப்புறம், நம் ஊர் வழக்கம் ஒன்று. கடையில் நான்கு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள். அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் கியூஆர் கோடோ பார்கோடோ அச்சிட்டால் போதும் என்கிறது விதி. பெட்டி கடையிலேயே நின்றுவிடுகிறது. நம் கைக்கு வரும் துண்டில் சில சமயம் காலாவதி தேதிகூட இருப்பதில்லை. வெட்டி வாங்கினால், பெட்டியைக் காட்டச் சொல்லி அதிலுள்ள குறியீட்டை அங்கேயே ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியிலுள்ள தொகுதி எண்ணும் முழு அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லிலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.