ஆன்சைட் போகிறவருக்கு ஒரு ஓட்டல் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் டிராவல் டெஸ்க்கில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஆன்சைட், அதாவது கம்பெனி வேலையாகச் சில மாதம் வெளிநாடு போகிறவர்களின் விமான டிக்கெட், ஓட்டல், இன்ஷூரன்ஸ் எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். விசா ஸ்டாம்ப் ஆன பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "மேடம், மேரியட்டில் சேரவா, ஹில்டனில் சேரவா? ஹயாத் தான் பெஸ்ட் என்று சொல்கிறார்களே?" மூன்று மாதம் ஓட்டல் வாடகையைக் கம்பெனி கட்டப் போகிறது, பாயின்ட் மட்டும் நமக்கு வரப் போகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

கட்டுகிற வாடகைக்கு ஏற்ப ஓட்டல் நம் உறுப்பினர் கணக்கில் ஏற்றுவதுதான் பாயின்ட்; சேர்ந்த பிறகு அதைக் கொடுத்து இலவசமாகத் தங்கலாம். ஓட்டல் உலகத்தில் இந்தப் பாயின்ட் வழக்கம் அப்படி ஒன்றும் பழையதில்லை. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்கு மைல் கணக்கு கொடுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து 1983-இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் தங்கள் விருந்தினர்களுக்குப் பாயின்ட் கொடுத்தன. ஹில்டன் 1987-இல் வந்து சேர்ந்துகொண்டது. இவை எல்லாமே இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று பெட்டியோடு அலைகிற விற்பனைப் பிரதிநிதிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டங்கள். ஒரே அறையில் மூன்று மாதம் குடியிருக்கிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நான் இன்று பேச வந்தது அந்தப் பொருந்தாத இடத்தைப் பற்றித்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் பிளேனோ என்ற ஊர். நம் பிள்ளைகள் நிறையப் பேர் போய் வேலை பார்க்கிற வட்டாரம். 90 இரவு தங்கல், இரவுக்கு 120 டாலர் என்று வைப்போம். மொத்தம் 10,800 டாலர். எதிரெதிரே இரண்டு ஓட்டல் இருக்கிறது, இரண்டுமே மேரியட் குடும்பம். ஒன்று கோர்ட்யார்ட், இன்னொன்று ரெசிடென்ஸ் இன். கோர்ட்யார்டில் ஒரு டாலருக்கு 10 பாயின்ட். ரெசிடென்ஸ் இன்னில் 5 தான். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்காகவே கட்டிய ஓட்டல்கள் பலவற்றில் இப்படிப் பாதிதான் தருவார்கள். ஹாலிடே இன்னை நடத்துகிற ஐ.எச்.ஜி. கம்பெனியின் ஸ்டேபிரிட்ஜ், கேண்டில்வுட், ஹில்டனின் ஹோம் டூ சூட்ஸ் எல்லாம் இந்த வகை. சேரும்போது இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, கோர்ட்யார்டில் தங்கினால் 1,08,000 பாயின்ட், ரெசிடென்ஸ் இன்னில் 54,000. பார்த்தவுடன் எல்லோரும் கோர்ட்யார்டைத்தான் கேட்பார்கள். நான் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மேரியட் பாயின்ட் ஒன்றுக்கு முக்கால் சென்ட் என்பது நான் வைத்துக்கொள்கிற மதிப்பு. சிலர் கொஞ்சம் கூட்டுவார்கள், சிலர் குறைப்பார்கள். கூடுதலாக வருகிற 54,000 பாயின்ட்டின் மதிப்பு அப்படிப் பார்த்தால் 405 டாலர். 90 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு நாலரை டாலர். அமெரிக்காவில் ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட அது காணாது.

ரெசிடென்ஸ் இன் அறையில் அடுப்பு இருக்கும், ஆள் உயர ஃபிரிட்ஜ் இருக்கும், பாத்திரம் கழுவுகிற மெஷின், தட்டு, கரண்டி, வாணலி எல்லாம் இருக்கும். காலை டிபன் தங்குகிற எல்லோருக்கும் இலவசம். கோர்ட்யார்டில் பெரும்பாலும் ஒரு சின்ன ஃபிரிட்ஜோடு சரி; காலை டிபனைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சாம்பாரும் ரசமும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்ட முடியாத ஆள் என்றால் பாயின்ட்டைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை, அடுப்பு இருக்கிற அறைதான். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புவேன். கடுகு தாளிக்கிறதுக்கு முன்னால் அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேனைப் போட்டுவிட்டு, பெட்ரூம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றல் புகை தட்டினால் அலாரம் அலறும். சில இடங்களில் மொத்தக் கட்டடத்தையும் காலி பண்ணச் சொல்லி, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும். நடு ராத்திரியில் நைட்டியோடும் லுங்கியோடும் பார்க்கிங்கில் நின்ற கதைகள் எங்கள் டெஸ்க்குக்கு வந்துகொண்டே இருக்கும்.

இந்த ரெசிடென்ஸ் இன்னை 1975-இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தொடங்கியவர் ஜாக் டீபோர். அவர் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்தவர். அந்த அறைகளில் சமையலறை இருப்பதற்குக் காரணம் அதுதான். 1987-இல் மேரியட் அதை வாங்கியது. மனிதர் சும்மா இருக்கவில்லை. சம்மர்ஃபீல்டு சூட்ஸ் தொடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு, அதுதான் இன்றைய ஹயாத் ஹவுஸ். 1995-இல் கேண்டில்வுட் தொடங்கினார், அது இப்போது ஐ.எச்.ஜி.யிடம் இருக்கிறது. ஒன்றோடொன்று போட்டி போடுகிற மூன்று கம்பெனிகளின் நீண்ட நாள் ஓட்டல்களுக்குப் பின்னால் ஒரே ஆள்! அதனால்தானோ என்னவோ, அந்த அறைகளுக்குள் போய் நின்றால் எது எந்தக் கம்பெனி என்று சட்டென்று தெரியாது.

சரி, அடுப்புள்ள அறை என்று முடிவாகிவிட்டது. மேரியட்டா, ஹயாத்தா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஹயாத் வழக்கமாக டாலருக்கு 5 பாயின்ட் தான் தருகிறது, ஹயாத் ஹவுஸிலும் அதே 5. அதாவது நம் 10,800 டாலருக்கு அங்கேயும் 54,000. எண் ஒன்றுதான், ஆனால் ஹயாத் பாயின்ட்டுக்கு வலு அதிகம். இத்தனை பாயின்ட் கொடுத்தால் இந்த வகை ஓட்டல் என்று ஹயாத் இன்னும் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. ஹில்டன் 2017-இலும் மேரியட் 2022-இலும் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டன. அங்கே சீசனுக்கு சீசன் பாயின்ட் விலை ஏறும், இறங்கும். காகிதத்தில் பார்த்தால் ஹயாத் தான் ஜெயிக்கிறது. நம் பிள்ளைகள் "பெஸ்ட்" என்று கேட்டுவிட்டு வருவதும் இதை வைத்துத்தான்.

நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். திரும்பி வந்த பிறகு இந்தப் பாயின்ட்டை எங்கே செலவு பண்ணப் போகிறாய்? அமெரிக்காவிலேயே நியூயார்க், சிகாகோ சுற்றிவிட்டு வருவேன் என்றால் ஹயாத் அருமை. அம்மா அப்பாவை மதுரைக்கும் திருச்சிக்கும் கோயில் குளம் கூட்டிப்போக வேண்டும் என்றால் கதையே வேறு. சென்னையில் ஹயாத்துக்கு பார்க் ஹயாத், ஹயாத் ரீஜென்சி இரண்டும் இருக்கின்றன. மதுரைக்கும் திருச்சிக்கும் போனால் கண்ணில் படுவது மேரியட்டின் கோர்ட்யார்ட். மகாபலிபுரத்தில் அவர்களுடைய ஃபோர் பாயின்ட்ஸ் என்ற ஓட்டல் இருக்கிறது. கிண்டியில் இருக்கிற ஐ.டி.சி. கிராண்ட் சோழாவையும் மேரியட் பாயின்ட்டில் பதிவு செய்யலாம், அது அவர்களுடைய லக்ஷுரி கலெக்ஷன் வரிசையில் வருகிறது. பாயின்ட்டில் ஐந்து இரவு எடுத்தால் நான்குக்குத்தான் பாயின்ட் கழிப்பார்கள் என்பதும் மேரியட்டில் உண்டு. சம்பாதிக்கும்போது ஹயாத் உயர்த்தி, செலவு பண்ணும்போது நம் ஊர்க்காரருக்கு மேரியட் சௌகரியம். வலு அதிகமான பாயின்ட்டைப் போக முடியாத ஊரில் பூட்டி வைத்து என்ன பிரயோஜனம்? ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கப் போகிறவருக்கு என் வோட்டு மேரியட்டுக்கு.

அடுத்தது இந்தத் தங்கம், பிளாட்டினம், டைட்டேனியம் என்கிற அந்தஸ்து. மேரியட்டில் வருடத்துக்கு 50 இரவு என்றால் பிளாட்டினம், 75 என்றால் டைட்டேனியம். ஹயாத்தில் 60 இரவில் குளோபலிஸ்ட் என்கிற மேல்படி. ஐ.எச்.ஜி.யில் 40-க்குப் பிளாட்டினம், 70-க்கு டைமண்ட். ஒரே குடும்பத்து ஓட்டலில் 90 இரவும் தங்கினால் எங்கேயும் இந்தப் படிகளை ஏறிவிடலாம். நாற்பத்தைந்து நாள் இங்கே, நாற்பத்தைந்து நாள் அங்கே என்று பிரித்தால் மேரியட்டிலும் ஹயாத்திலும் அந்தப் பெரிய படி இரண்டுமே கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், படி ஏறிய பிறகு ரெசிடென்ஸ் இன்னில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. பிளாட்டினம்காரருக்கு இலவச டிபன் என்பார்கள், அங்கே எல்லோருக்கும் டிபன் இலவசம். லவுஞ்ச் உண்டு என்பார்கள், அங்கே லவுஞ்சே கிடையாது. மாலை 4 மணிவரை அறையை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள், 90 நாள் இருக்கிறவருக்கு அது ஒரே ஒரு நாள் உதவும். அந்தஸ்தின் பலன் ஊருக்கு வந்த பிறகுதான். அடுத்த வருடம் முழுக்க அது செல்லும். குடும்பத்தோடு ஒரு பெரிய ஓட்டலில் போய் இறங்கும்போது நல்ல அறை, டிபன், லவுஞ்ச் என்று அப்போது தெரியும் அதன் அருமை.

இரவுக் கணக்கு ஜனவரி 1-ஆம் தேதி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நவம்பரில் போகிறவர் பிளாட்டினக் கனவு காணும் முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது.

இப்போது பாயின்ட்டை விடப் பெரிய ஒரு சமாச்சாரம். டெக்ஸாஸில் ஓட்டல் அறை வாடகைக்கு மாநில வரி 6 சதவீதம். பிளேனோ நகரம் அதற்கு மேல் 7 சதவீதம் போடுகிறது. தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவருக்கு இந்த வரி கிடையாது. 30 நாளாவது இருக்கப் போகிறேன் என்று போய் இறங்கிய அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டால் முதல் நாளிலிருந்தே விலக்கு. கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்கு வரி கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் விலக்கு. நம் 10,800 டாலருக்கு 13 சதவீதம் என்றால் 1,404 டாலர்! பாயின்ட் சண்டை மொத்தமும் 405 டாலருக்குத்தான் நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பில்லைக் கம்பெனி கட்டினால் இந்த மிச்சம் கம்பெனிக்குப் போகும், உங்களுக்கு நல்ல பெயர் மட்டும். தினப்படியாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தால் மிச்சம் உங்கள் பையில். வாடகை கட்டுவதில் நடுவில் இடைவெளி விழுந்தால் விலக்கு போய்விடும். பாயின்ட் சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காக மாதா மாதம் செக்-அவுட் போட்டு மறுபடி செக்-இன் பண்ணச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், தங்கல் தொடர்கிறது என்று முன் மேஜையில் சொல்லிக் கணினியில் குறிக்க வைத்துவிடுங்கள். இந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போகிற ஊர் எது என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

பாயின்ட்டே வராமல் போவதற்கும் வழிகள் இருக்கின்றன. எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம் மாதிரி வெளித் தளங்களில் பதிவு செய்த அறைக்கு இந்தக் கம்பெனிகள் வழக்கமாகப் பாயின்ட் தருவதில்லை. சில கம்பெனிகள் மொத்த வியாபாரிகள் மூலம் அறை எடுக்கும், அதற்கும் அதே கதி. "இந்த ரேட்டுக்குப் பாயின்ட் உண்டா?" என்று போய் இறங்கின அன்றே கேட்டுவிட வேண்டும், மூன்று மாதம் கழித்து இல்லை. கம்பெனி வாடகைக்கு எடுத்த அபார்ட்மென்ட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள் என்றால் இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

அப்புறம், நமக்கென்றே இருக்கிற ஒரு தலைவலி, பெயர். பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பெயருக்கு முன்னால் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கம்பெனி விசாவைப் பார்த்து ஓட்டல் பதிவு செய்யும். பிள்ளை இனிஷியல் போட்டு ஆசையாக உறுப்பினர் கணக்கு தொடங்கியிருப்பான். இரண்டும் ஒட்டாது, இரவுகள் கணக்கில் ஏறாது. பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கைத் தொடங்கி, அந்த எண்ணைப் பதிவிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். செக்-அவுட் பில்லைக் கையோடு கொண்டுவர வேண்டும். விட்டுப்போன பாயின்ட்டைக் கேட்டு வாங்க அது ஒன்றுதான் சாட்சி.

ஊருக்கு வந்த பிறகு கணக்கைத் தூங்க விடாதீர்கள். மேரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதம் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் பாயின்ட் காலாவதி. ஐ.எச்.ஜி.யில் அந்தஸ்து இல்லாத சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம்தான். மேரியட்டில் சேர்த்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2023-இல் மேரியட் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தது. அதில் மளிகைக்குத் தேய்த்தாலும் பாயின்ட் ஏறும், கணக்கும் உயிரோடு இருக்கும். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, கொடுக்கிற கட்டணத்துக்குத் தங்குவீர்களா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.