இரண்டு கோடுகளும் சில புள்ளிகளும்

நேயர்களே, வணக்கம்.

புனிதர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அவர் செய்த புதுமைகள், அதாவது அற்புதங்கள்தான். அவற்றைக் கேட்டு வியக்கலாம். திங்கட்கிழமை காலையில் எழுந்து செய்து பார்க்க முடியாது. செய்து பார்க்கக்கூடிய ஒன்றை விட்டுச் சென்றவர் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார். இன்று பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

1521 மே மாதம். ஸ்பெயினில் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய ஒரு கால் நொறுங்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் வீரர்கள் போடும் இறுக்கமான பூட்ஸ் ஏறாது. அந்த எலும்பை அறுத்து எடுங்கள் என்றார். மயக்க மருந்து இல்லாத காலம்! பக்திக்காகப் பொறுத்த வலி இல்லை அது, அழகுக்காக. புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்கள் என்று நினைப்பவர்கள் இந்த பூட்ஸை மறக்க வேண்டாம்.

படுத்த படுக்கையில் பொழுது போக வீரசாகசக் கதைப் புத்தகங்கள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். வேறு வழியில்லாமல் படித்தார், நடுநடுவே பகற்கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்கள் மணிக்கணக்கில் ஓடும். இன்னொரு வேளை, புனிதர்களான அசிசி பிரான்சிசும் சாமிநாதரும் (டொமினிக்) செய்ததை நாமும் செய்தால் என்ன என்று தோன்றும். இரண்டுமே இனித்தன. கவனியுங்கள், இரண்டுமே இனித்தன. கனவு கலைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது: முதலாவது மனத்தை வறட்சியில் விட்டது, இரண்டாவது நிறைவில். ஒரு காரியம் நடக்கும்போது இருக்கும் ருசியை விட, முடிந்த பிறகு நாக்கில் நிற்பது என்ன என்று பார்க்கப் பழகினார்.

அந்தப் பழக்கத்தைத்தான் பிற்பாடு 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் முறையாக எழுதினார். அதில் தனி ஆய்வு என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும், இன்று இதில் விழிப்பாக இருப்பேன் என்று உறுதி. மதிய உணவுக்குப் பின், எழுந்தது முதல் மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டின்மேல் வைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின், மதியத்திலிருந்து நடந்ததற்கு இரண்டாவது கோட்டில் புள்ளிகள். தவறிய அந்தக் கணத்திலேயே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். நாலு பேர் நடுவில் செய்தாலும் யாருக்கும் தெரியாது. பிறகு முதல் கோட்டோடு இரண்டாம் கோடு, நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம் என்று ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இவ்வளவு எளிதாக இருந்தும் பலர் ஏன் நாலாம் நாளே விட்டுவிடுகிறார்கள்? முதல் காரணம், குறையை அகலமாக எடுப்பது. 'கோபம்' என்று எடுத்தால் எதை எண்ணுவது? 'எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன் குறுக்கே பேசுவது' என்று எடுங்கள், எண்ண முடியும். இரண்டாவது, முதல் சில நாட்களில் புள்ளிகள் கூடும். குறை வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதுவரை கண்ணில் படாதது படத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது, புள்ளிக்குப் பக்கத்தில் காரணம் எழுதுவது. 'அவர்தான் ஆரம்பித்தார்' என்று எழுதத் தொடங்கினால் அது ஆய்வு இல்லை, வழக்காடல். புள்ளி மட்டும் போதும்.

இன்னொன்றும் அவர் சொன்னது. மனம் சோர்ந்திருக்கும்போது, தெளிவாக இருந்த வேளையில் எடுத்த முடிவை மாற்றாதே. ஒரு மணி நேரம் செபிப்பதென்று வைத்திருந்தால், அலுப்பு வரும் நாளில் அந்த ஒரு மணிக்கு மேலேயே கொஞ்சம் கூட இரு என்கிறார்.

அடுத்து பிரான்சில் லிசியே நகரின் துறவி குழந்தை தெரசா, 24 வயதில் 1897-இல் மறைந்தவர். மடத்தில் தியான வேளையில் பின்னாலிருந்த சகோதரி ஏதோ ஓயாமல் சிறு சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். தெரசா திரும்பவில்லை. அந்தச் சத்தத்தையே இசையாகக் கேட்க முயன்றார், வியர்த்து வழிந்தது. துணி துவைக்கும்போது எதிரே நின்றவர் அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கவிட்ட கதையும் இதேதான்: பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தால் அதுவே ஒரு குற்றச்சாட்டாகியிருக்கும். ஆனால் இது சின்னச் சின்ன எரிச்சல்களுக்கு. அடி உதையைப் பொறுத்துக்கொள் என்று சொல்லத் தெரசாவை இழுப்பவர்களை நம்பாதீர்கள்.

ஜெனீவா ஆயராக இருந்த புனிதர் பிரான்சிஸ் சலேசியாருக்கென்று ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், இஞ்ஞாசியாரின் கால் அதைத் தின்றுவிட்டது. அவரிடமிருந்து ஒன்று மட்டும்: கோபப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்படுவது இன்னொரு கோபம் என்கிறார் அவர். இரவில் புள்ளிகள் அதிகமாக இருந்தால் தாளைக் கசக்காமல் மடித்து வையுங்கள், நாளை ஒப்பிட அது வேண்டும். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.