வெளியே போகும் எண்ணைக் கவனியுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு ஒரு சின்னக் கணக்கில் சிக்கி ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று. நிரலில் எங்கே வழுக்கினேன் என்பதைத் திரையிலேயே காட்டிவிடுகிறேன்.

ஓர் எண் வரிசை, கூடவே கே என்று ஓர் அளவு. அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு கே எண்களிலும் எத்தனை வெவ்வேறு எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். 5, 5, 7, 5, 9, 9 என்று வைத்துக்கொள்வோம். கே 3. இப்படி அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள் கொண்ட ஒவ்வொரு துண்டும் ஒரு சாளரம். மொத்தம் நான்கு சாளரங்கள். விடை 2, 2, 3, 2. விரல் விட்டே எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு சாளரத்தையும் புதிதாக எண்ணினால் என்ன? ஒரு லட்சம் எண்கள், கே ஐம்பதாயிரம் என்றால் சுமார் 250 கோடி முறை பார்க்க வேண்டியிருக்கும். நேர வரம்பு தாங்காது. சாளரத்தை ஓர் இடம் நகர்த்தும்போது ஒன்று வெளியே போகிறது, ஒன்று உள்ளே வருகிறது. நடுவில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. அவற்றை மறுபடி ஏன் தொட வேண்டும்?

இதுவரை எல்லாம் சரி. நான் ஒரு செட் எடுத்துக்கொண்டேன், அதாவது எந்த எண்ணையும் ஒரே ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு. போகும் எண்ணை நீக்கு, வரும் எண்ணைச் சேர், செட்டின் அளவுதான் விடை. முதல் சாளரம் 2, சரி. இரண்டாவதும் 2, அதுவும் சரி. ஆனால் அது குருட்டு அதிர்ஷ்டம்! 5 வெளியேறியதும் செட்டில் இருந்த ஒரே 5 அழிந்தது. உள்ளே வந்ததும் ஒரு 5 என்பதால் ஓட்டை அடைபட்டுவிட்டது. மூன்றாவது சாளரத்தில் குட்டு உடைந்தது. 7, 5, 9 இருக்கும் இடத்தில் செட்டில் 7, 9 மட்டுமே மிச்சம். செட்டுக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும், எத்தனை என்பது தெரியாது.

சரி, டிக்‌ஷனரிக்கு மாறினேன். எண்ணுக்கு எதிரே அது எத்தனை முறை இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. போனால் ஒன்று குறை, வந்தால் ஒன்று கூட்டு. மூன்றாவது சாளரம் 3. அப்பாடா! நான்காவது? அதுவும் 3 என்கிறது. 5, 9, 9 என்பதில் மூன்றாவது எண் எங்கிருந்து முளைத்தது?

இதோ, டிக்‌ஷனரியை அச்சிட்டுக் காட்டுகிறேன். 5க்கு 1, 7க்கு 0, 9க்கு 2. பாருங்கள், 7 போய்விட்டது, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றாமல் போயிருக்கிறது. பைத்தான் மொழியில் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் கவுன்ட்டரும் இப்படித்தான்: கணக்கு பூஜ்யமானாலும் சாவி (எதன் எதிரே கணக்கு இருக்கிறதோ அந்த எண்) தானாக அழிவதில்லை, அளவு கேட்டால் அதையும் சேர்த்தே சொல்லும். உள்ளே வருவதைச் சேர்க்க யாரும் மறப்பதில்லை. வழியனுப்புவதில்தான் கோட்டை விடுகிறோம்.

குறைத்த பிறகு பூஜ்யமா என்று பார்த்து, ஆம் என்றால் சாவியை நீக்க இரண்டே வரிகள். சேர்த்துவிட்டேன். ஓட்டுகிறேன்... 2, 2, 3, 2.