நலிந்த பின் வரும் உதவி

நேயர்களுக்கு என் வணக்கம்.

பறையிசைக்கும் இளைஞர் மேடையேறுவதற்கு முன் செய்வதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, அந்த அனலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். தோல் முறுகிவிட்டதா என்று விரலால் சுண்டிப் பார்த்து, ஒலி கணீரென்று எழுந்த பிறகே இடக்கையில் சிண்டுக் குச்சியையும் வலக்கையில் அடிக்குச்சியையும் எடுப்பார். அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. பயிற்சிக்கு ஒதுக்கிய ஒவ்வொரு பகலும் அவர் கட்டட வேலைக்கோ வெள்ளையடிக்கவோ போகாத பகல், வீட்டுக்குக் கூலி வராத பகல். கலைஞர்களுக்கான நிதியுதவி பற்றிய பேச்சில் இந்தக் கூலி கணக்கில் வருவதேயில்லை என்பதுதான் என் குறை.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக ஆண்டுக்கு 500 கிராமியக் கலைஞர்களுக்கு, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கத் தலா 10,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு. மாதந்தோறும் வரும் 3,000 ரூபாய் உதவித்தொகையோ நலிந்த கலைஞர்களுக்கு உரியது. அதைப் பெற 58 வயது நிறைந்திருக்க வேண்டும். முதியவர்களுக்கு அது அவசியமே, கூட்டினாலும் தகும். ஆனால் 18 வயதில் தொடங்குகிறவர் நலிவதற்காக 40 ஆண்டுகள் காத்திருக்க முடியாது.

இதில் சாதியின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. சாவு வீட்டில் பறையடிப்பதைக் கடமையாகச் சுமத்தியதால், 'இது எங்களோடு போகட்டும்' என்று பிள்ளைகளின் கையில் குச்சியைக் கொடுக்க மறுத்த தகப்பன்மார் பலர். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இன்று பறையைக் கலையாக விரும்பிக் கற்க வரும் இளைஞருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், தகப்பன் உதறிய அதே ஊர்க்கடமைக்கு அவர் வயிற்றுக்காகத் திரும்ப வேண்டியிருக்கும். கையில் உதவித்தொகை இருந்தால், 'அந்த வேலைக்கு வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம். பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். அவர் போன்ற ஆசான்களிடம் கற்கும் பிள்ளைகளின் மாதச் செலவை அந்த மகிழ்ச்சி தீர்ப்பதில்லை.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, மாதம் 5,000 ரூபாயாக, இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. நாட்டுப்புறக் கலைகளுக்கும் அதில் இடமுண்டு. நிபந்தனை என்னவென்றால், ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது 5 ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். சபாவில் பாடும் பிள்ளைக்கு அச்சிட்ட தாளில் எழுதித்தர ஒரு வித்வான் இருப்பார். பெரியப்பாவின் தோளருகே நின்று அடியைக் காதால் பிடித்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? தொகையும் மாதாமாதம் கைக்கு வராமல், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக வருகிறது. அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டில் ஆறு மாதம் என்பது கந்துவட்டிக்காரர் நான்கைந்து முறை வந்துபோகும் காலம்.

எனவே மாநில அரசு தன் பங்குக்கு, 18 வயதில் தொடங்கி மாதாமாதம் வங்கிக் கணக்கில் சேரும் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்த வேண்டும். கற்றுத்தரும் ஆசானுக்கும் அதில் ஊதியம் ஒதுக்க வேண்டும். தேர்வுக் குழுவினர் சான்றிதழைக் கேட்பதற்கு முன், பறையைக் காய்ச்சி எடுத்துவரச் சொல்லி, கால் மணி நேரம் அடிக்கவிட்டுக் கேட்கட்டும். பெரியப்பாதான் குரு என்றால், நல வாரிய அட்டை வைத்திருக்கும் அவருடைய கைநாட்டையே சான்றாக ஏற்கட்டும்.