பாட்காஸ்ட் பதிவு செய்ய நூலகமே போதும்

வணக்கம். நான் ஒரு பள்ளி நூலகர். பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, என்றதும் "ஸ்டுடியோவுக்கு எங்கே போவது?" என்று கேட்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இந்த வீடியோ. வகுப்பறையில் வெறும் சுவர்கள், குரல் முட்டித் திரும்பும். இங்கே என் பின்னால் இருக்கும் புத்தகங்களைப் பாருங்கள்: ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, ஒன்று உள்ளே தள்ளி, ஒன்று வெளியே நீட்டி. இப்படி நிற்கிற புத்தகங்கள் ஒலியைச் சிதறடிக்கும், கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். கை தட்டுகிறேன், கேளுங்கள். எதிரொலி இல்லை, அல்லவா?

பாட்காஸ்டை நான் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறேன். முதலில், கேட்பது. நூலகப் பாடவேளையில் ஒரு கதையை ஒலிக்கவிட்டு, பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்பேன். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளும் அப்போது மற்றவர்களுக்குச் சமமாகக் கை தூக்குகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அப்புறம் உருவாக்குவது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. யாரும் எடுக்காமல் தேதிச்சீட்டு காலியாகவே இருக்கும் புத்தகத்துக்கு அந்த வாசகரை எப்படிப் பிடிப்பது? ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு மூன்று நிமிடம் பேசினால் போதும்.

ஆனால் எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாம்புகளைப் பற்றிய புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதி வந்தாள். வாசித்தபோது அப்படியே பேச்சுப்போட்டிக் குரல். தாளை வாங்கி வைத்துவிட்டு, "உங்க வீட்டுப் பக்கம் பாம்பு வருமா?" என்றேன். "வரும் மிஸ், போன மழைக்கு ஒரு சாரை வந்துச்சு. எல்லாரும் அடிக்க ஓடுனாங்க. அதுக்கு விஷமே இல்லைன்னு இந்தப் புக்ல போட்டிருக்கு மிஸ்" என்று தொடங்கினாள். பதிவு அதுதான், வேறொன்றும் தேவையில்லை. இப்போது அந்தப் புத்தகம் ரேக்கில் நிற்பதே இல்லை.

பதிவுக்குச் செல்போன் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், சற்றுப் பக்கவாட்டில். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், மூன்று நிமிடம்தானே. பேசும் முன் ஐந்து விநாடி சும்மா ஓடவிடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த மௌனத்தை மாதிரியாக வைத்துத்தான் அறை இரைச்சலைக் குறைக்கும். மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் எம்பி3 கோப்பாக எடுத்தால் மூன்று நிமிடம் ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். பெற்றோரின் டேட்டாவும் தீராது.

முழுக் கதையை வாசித்து வெளியிடுவதானால் காப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டு உரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் 1949இலேயே நாட்டுடைமையாகிவிட்டன, தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்று எழுதிக்கொண்டிருப்பவர் என்றால் அவரிடமும் பதிப்பகத்திடமும் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பு. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் எந்தக் குரலும் வெளியே போகக் கூடாது. முழுப் பெயர், ஊர் எதுவும் பதிவில் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். அடுத்த வீடியோவில் ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டுவதைத் திரையிலேயே காட்டுகிறேன்.