பத்து சென்ட் புதருக்கு ஜேசிபி விடலாமா?

அடுத்த கேள்வி பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. தாத்தா வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் தோட்டம், ஆறு வருடமாக யாரும் உள்ளே போகவில்லை, பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, நடுவில் ஒரு மாமரம், அதில் ஒரு பக்கம் பெங்களூரா ரக மாங்காய் காய்க்கிறது, இன்னொரு பக்கம் நார் நாராகச் சின்னக் காய் வருகிறது, இது என்ன நோய், எனக்குத் தோட்ட வேலை ஒன்றுமே தெரியாது, ஜேசிபி விட்டு எல்லாத்தையும் சுத்தமாக வழித்துவிட்டு புதிதாக ஆரம்பிக்கலாமா அண்ணா என்று கேட்டிருக்காங்க.

வேண்டாம்மா. ஜேசிபி விட்டு நானே பட்டிருக்கிறேன். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் இடத்தை ஒரே நாளில் வழித்தேன், பார்க்க மைதானம் மாதிரி அழகாகத்தான் இருந்தது, ஆனால் நம் பக்கத்துச் செம்மண்ணில் பல இடத்தில் மேல்மண் ஒரு சாண்கூட இருக்காது, அது போனதும் கீழே சரளைக்கல் மாதிரி மொரம்புதான், அடுத்த மழைக்கு அதில் முதலில் முளைத்தது பார்த்தீனியம். கோரைப்புல் இருந்த இடத்தில் அதன் கிழங்கு நாலா பக்கமும் சிதறி, ஒரு மூலையில் இருந்த கோரை இடம் முழுக்க வந்துவிட்டது.

மாமரத்துக்கு வருகிறேன், அது நோயே இல்லை. உங்கள் தாத்தா வைத்தது ஒட்டு மரம். நாட்டு மாங்கன்றின் மேல் பெங்களூராவை ஒட்டியிருப்பார்கள், கவனிக்க ஆள் இல்லாததால் ஒட்டுக்குக் கீழே இருந்து நாட்டுக் கிளை கிளம்பித் தனி மரமாகவே வளர்ந்துவிட்டது. அடிமரத்தில் வீங்கின மாதிரி ஒரு தழும்பு தெரியும், அதற்குக் கீழே கிளம்பியதை அடியோடு எடுங்கள். பெரிய கிளை என்றால் ஒரே வெட்டில் போடாதீர்கள், மரப்பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கிளையின் அடிப்பக்கம் பாதி அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள், மிச்சம் நிற்கும் குட்டைத் துண்டைக் கடைசியில் எடுங்கள். வெட்டுக்காயத்துக்கு போர்டோ பசை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை, தடவுங்கள். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டுவதற்கு, ஆடியில் காய் இறங்கினதும்தான் சரியான நேரம், புதுத் துளிர் முற்றினால்தான் தை மாதம் பூ எடுக்கும். ஐப்பசியில் வெட்டிவிட்டு பூ வரவில்லை என்று எனக்கு மெசேஜ் போடாதீர்கள். காய்ந்த கிளை, புல்லுருவி பிடித்த கிளை எல்லாம் இந்த வருடமே போகட்டும், ஆனால் உச்சியை ஒரேயடியாக மொட்டை அடிக்க வேண்டாம், அதை இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இறங்கும் முன் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய கிணறு, குழி ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். புதருக்குள் சுவர் இல்லாத பாழுங்கிணறு இருந்தால் கண்ணுக்கே தெரியாது. விரியன் இருக்கும் ஊர், பூட்ஸ் போட்டு, கோலால் தட்டிக்கொண்டே போங்கள்.

களையை வாசலிலிருந்து இரண்டு சென்ட், இரண்டு சென்ட்டாக எடுங்கள். பார்த்தீனியத்தை மழை பெய்த மறுநாள், பூ வரும் முன்னால், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி 15,000 விதைக்கு மேல்கூடப் போடும், அதனால் பூத்த செடியை மண்மேல் பரப்பும் மூடாக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். உண்ணிச்செடியை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரைக் கடப்பாரையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கோரையைக் கொத்தாதீர்கள், பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மேலே கனமாகத் தழையைப் போடுங்கள், அப்படியும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், அதைக் கையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சுத்தம் செய்த இரண்டு சென்ட்டைச் சும்மா விட்டால் மறுபடி பார்த்தீனியம்தான், அதனால் புரட்டாசி மழைக்குக் கொள்ளுப் பயறை நெருக்கமாக விதைத்துவிடுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம். அது படர்ந்து தரையை மூடினதும் அடுத்த இரண்டு சென்ட்டுக்குப் போங்கள். ஜேசிபிக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு நல்ல கைரம்பமும் கவாத்துக் கத்தரியும் வாங்கிக்கொள்ளுங்கள்.