பூஞ்சைக்கு எப்படித் தெரிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் ஒரு பூஞ்சை படர்ந்தது, அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்தது. பெனிசிலின் பிறந்த இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது பூஞ்சையின் தரப்பைப் பற்றி. பக்கத்தில் பாக்டீரியா வந்துவிட்டது என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

நம் ரத்தத்தில் கிருமியைத் தேடிப்பிடிக்க வெள்ளையணுக்கள் இருக்கின்றன. பூஞ்சைக்கு அப்படிக் காவலுக்கென்று தனி அணுக்கள் கிடையாது. மெல்லிய இழைகள்தான் அதன் உடல். இரை தேடுவதும் எதிரியை இனங்காண்பதும் அதே இழைகள்தான்.

கோப்ரினோப்சிஸ் சினெரியா என்று ஒரு காளான், குதிரைச் சாணத்தில் முளைப்பது. சாணம் என்றால் பாக்டீரியா மொய்க்கும் இடம். ஒவ்வொரு கவளத்துக்கும் போட்டி. சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் காளானின் இழைகளைக் கண்ணாடி மணிகள்மேல் படரவிட்டு, பாக்டீரியாவைச் சேர்த்து, எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று பார்த்தார்கள். பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம்கள் சுரந்தன. நம் கண்ணீரிலும் லைசோசைம் உண்டு. பெனிசிலினுக்கு முன்பே அதைக் கண்டறிந்தவரும் ஃப்ளெமிங்தான்.

இதே காளானிலிருந்து அவர்கள் 2014-இல் அறிவித்த காப்சின் என்ற புரதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 57 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதம். பாக்டீரியா தன் சுவரைக் கட்ட எடுத்துவரும் மூலப்பொருளையே போய்ப் பிடித்துக்கொள்கிறது, சுவர் வேலை நின்றுவிடுகிறது. பூஞ்சையின் சுவர் கைட்டின் என்ற வேறு பொருளால் ஆனது, அதில் அந்த மூலப்பொருளே இல்லை. அதனால் தன் ஆயுதம் தன்னைத் தாக்காது.

சரி, ஆயுதம் தெரிந்துவிட்டது. மோப்பம் பிடிப்பது எப்படி? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. நம் குடலில் வாழும் கேண்டிடா என்ற பூஞ்சை, பாக்டீரியா சுவரிலிருந்து உதிரும் சிறு துணுக்குகளை உணர்ந்ததும் உருண்டை வடிவத்தை விட்டு இழையாக நீள்கிறது. 2008-இல் தெரியவந்த செய்தி இது. அடுத்த வருடம் ஜெர்மனியின் யேனா நகரில், மண்ணில் வாழும் 58 வகை பாக்டீரியாக்களை அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், பூஞ்சைக்குள் உறங்கிக்கிடந்த ஒரு மரபணுத் தொகுதியை எழுப்பியது. அதுவும் இழையை நெருங்கித் தொட்டபோதுதான்.

வருகிற பாக்டீரியா எல்லாமே பகையும் அல்ல. நெல் நாற்றைக் கருகவைக்கும் ரைசோபஸ் பூஞ்சையின் நஞ்சைத் தயாரிப்பது, அதற்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாதான். அந்தக் குடியிருப்பாளர் இல்லாவிட்டால் அந்தப் பூஞ்சையால் வித்துகளைக்கூட உண்டாக்க முடியாது.

ஆகவே யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற முடிவு இழைக்குள் எங்கோ எடுக்கப்படுகிறது. விலங்குகளும் தாவரங்களும் கிருமியை உணரப் பயன்படுத்தும் புரதங்களின் அமைப்பை ஒத்த புரதங்களுக்கான மரபணுக்கள் பூஞ்சைகளில் ஏராளம். அவற்றில் சில, வேற்றுப் பூஞ்சை இழையை இனங்காண உதவுகின்றன. பாக்டீரியாவைக் கண்டுகொள்பவையும் அவைதானா என்பதைத்தான் ஆய்வகங்கள் இப்போது துருவிக்கொண்டிருக்கின்றன. நன்றி, வணக்கம்.